கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

"கண்ண மட்டும் விட்டுருங்க சார். மத்தபடி தோல உரிச்சு உப்பத் தடவுனாலும் ஏன்னு கேக்க மாட்டேன்." என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று அப்பா பெரிய வாத்தியாரிடம் சொன்னது இது. பெரிய வாத்தியார் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வருகிற எந்த அப்பாவும் இந்த வசனத்தைச் சொல்லாமல் திரும்பியதில்லை. சொல்லாவிட்டால் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்கள். கண் போனால் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது, ஆணை வேலைக்கு அனுப்ப முடியாது. ஆகவே கண் வீட்டுக்குச் சொந்தம். முதுகும் தொடையும் உள்ளங்கையும் பள்ளிக்கூடத்துக்குத் தாரை வார்த்தவை. காதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அங்கேதான் எனக்குக் கேடு வந்தது.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். வாசல்படி தாண்டினால் தமிழ். வீட்டில் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அப்பா மில்லில் பஞ்சுப் பொதி சுமந்தார். அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் அக்கா மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அவள் தரையில் உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்கினாள். விடியுமுன்னே தெருமுனையில் ஆபீஸ் பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏற்றிவிடுவார்கள்.

அக்காவும் படித்தவள்தான். நாலாம் வகுப்பில் ஒரு பையன் அவள் சடையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டான், இவள் சிலேட்டால் அவன் மண்டையை உடைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் பிராது வந்தது. மறுநாள் விடியலில் அப்பா அவளைப் பஸ்ஸில் ஏற்றினார், படிப்பு அத்தோடு சரி. என்னிடமும் சொல்லிவைத்திருந்தார்: "ஒன்னப் பத்தி ஒரே ஒரு பிராது வரட்டும். அக்கா பக்கத்துல ஒனக்கும் எடம் இருக்கு." அந்த இடத்தை நினைத்து நான் வகுப்பில் மூச்சு விடுவதற்குக்கூட யோசிப்பேன். எனக்குப் படிப்பு பிடித்திருந்தது. அதைவிட, அந்த பஸ்ஸைப் பிடிக்கவில்லை.

பிடித்திருந்த பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய வாத்தியார் வராந்தாவில் புளியம் விளாறைத் தண்ணீர்ப் பானையில் ஊறப்போட்டு வைத்திருப்பார். காய்ந்தால் ஒடிந்துவிடுமாம். இன்னொரு வாத்தியார் மர ஸ்கேலை விளிம்பு கீழாகப் பிடித்து விரல் முட்டியில் இறக்குவார். ஒரு டீச்சர் விரலில் மணலைத் தொட்டுக்கொண்டு உள்தொடையைக் கிள்ளுவார், மணல் இருந்தால் தோல் வழுக்காது. எங்களுக்குள்ளும் நாங்கள் சும்மா இருந்ததில்லை. பென்சில் முனை முதுகில் ஏறும், காலை இடறிவிட்டுப் பல் உடைவதைப் பார்ப்போம். அடிக்குக் காரணம் கேட்கிற வழக்கம் மட்டும் எங்களிடம் கிடையாது. மழை ஏன் பெய்கிறது என்று யாராவது கேட்பார்களா?

நான் மூன்றாம் வகுப்பு வந்தபோது புது டீச்சர் வந்தார். சின்ன வயசு, தஞ்சாவூர்ப் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து போனார். அடிக்க மாட்டேன் என்று முதல்நாளே சொன்னார். நாங்கள் நம்பவில்லை. வாரங்கள் ஓடின, அடிக்கவும் இல்லை. எங்களுக்கு அது கொஞ்சம் பயமாக இருந்தது, எப்போது மொத்தமாக இறங்கும் என்று தெரியாமல்.

டீச்சருக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பூக்காரி "ஏட்டி, ரெண்டு மொழம் வாங்கிட்டுப் போ" என்றிருக்கிறாள். பஸ்ஸில் ஒரு கிழவி "ஏட்டி, செத்த நேரம் தள்ளி உக்காரு" என்றிருக்கிறாள். எங்களுக்கு ஏட்டி என்பதில் பாதி பிரியம். டீச்சருக்கு அது முகத்தில் துப்பியது மாதிரி. "படிச்சு வேலைக்கு வந்திருக்கேன், ஆளாளுக்கு டி போட்டுக் கூப்பிடுறாங்க" என்று அடுத்த வகுப்பு டீச்சரிடம் அவர் மூக்கைச் சிந்தியது எங்கள் வகுப்பு முழுக்கக் கேட்டது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்தது வெறும் மூங்கில் தட்டி.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பெரிய வாத்தியாரிடம் போய், ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாமல் விளையாட்டிலேயே பாடம் நடத்தப் போகிறேன் என்று அனுமதி கேட்டார். பெரிய வாத்தியார் சிரித்தார். பானையிலிருந்து ஒரு விளாறை எடுத்து உதறி நீட்டினார்.

"ஒரு வாரம் நடத்திப் பாருங்க. பொறவு இது இருக்கு."

டீச்சர் அதை வாங்கி வந்து, எங்கள் கண்ணெதிரிலேயே பீரோவின் தலையில் வீசினார். பிறகு சொன்னார்: "திங்கட்கிழமையிலேர்ந்து இந்த வகுப்புக்கு யார் வந்தாலும் விருந்தாளி. தினம் ஒரு பிள்ளை வாசலுக்கு வந்து வரவேற்கணும். உங்க வீட்டுக்குப் பெரியவங்க வந்தா எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடணும்." முதல்நாள் முறை எனக்கு விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை டீச்சர் நேரம் கழித்து வந்தார். பஸ்ஸில் என்ன நடந்ததோ, முகம் சிவந்திருந்தது. கையில் புளியங்கொட்டை நிறைந்த துணிப்பை, கூட்டல் கழித்தலுக்கு. நான் வாசலுக்கு ஓடினேன். இரண்டு கையையும் கூப்பினேன். எங்கள் வீட்டில் பெரிய மனிதர்களுக்கு மட்டும் எடுக்கிற சொல்லை, எடுக்க முடிந்த அத்தனை மரியாதையோடு எடுத்தேன்.

"ரண்டி டீச்சர், ரண்டி! கூசோண்டி!"

வாங்க டீச்சர், உட்காருங்க. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அடி விழுந்ததை நான் பார்க்கவில்லை. உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிலைப்படியில் என் தோள் மோதியது, துணிப்பை பிரிந்து புளியங்கொட்டைகள் வகுப்பு முழுக்க ஓடின. காதுக்குள் மில் சங்கு ஊத ஆரம்பித்தது. ஷிப்டு மாறும்போது ஊதுகிற அதே சங்கு, ஆனால் நிற்கவில்லை. டீச்சரின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. கொஞ்சம் கழித்து வலது காது வழியாகச் சத்தம் வந்தது.

"யாரைப் பார்த்துடி டி போடுறே? முளைச்சு மூணு இலை விடல, எனக்கு டியா? டி?"

மூச்சுக்கு ஒரு டி போட்டு, டி போட்டதற்காக என்னைத் திட்டினார். நான் எங்கே டி போட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு பேசியதற்கு அடி என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் குனிந்து மற்றவர்களோடு சேர்ந்து புளியங்கொட்டை பொறுக்கினேன். தலையைக் குனியும்போது சங்கு இன்னும் பெரிதாக ஊதியது.

வலதுகைக்காரர்கள் எதிரே நின்று அறைந்தால் அடி விழுவது இடது பக்கம். என் இடது காது அன்றைக்குப் போனது. அது எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காதில் சொல்லி அனுப்புகிற விளையாட்டு. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, முதல் பிள்ளையின் காதில் டீச்சர் ஒரு வாக்கியம் சொல்வார், அது காது காதாகப் போய்க் கடைசிப் பிள்ளை எழுந்து உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு இடது பக்கத்தில் இருந்தவள் என் இடது காதில் வாயை வைத்தாள். மூச்சுச் சூடு தெரிந்தது. சங்கைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "இன்னொருக்கா சொல்லு" என்றால் டீச்சர் பார்ப்பாரே என்று பயம். கேட்டதை அப்படியே அடுத்தவன் காதில் சொல்லிவிட்டேன்.

கடைசிப் பையன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "ஊ" என்றான்.

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்து வகுப்பும் சிரித்தது. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்து என்னிடம் நின்றார். 'ஆண்டாள் கோயில் தேர் பெரியது' என்று கிளம்பிய வாக்கியம் என்னிடம் வந்து ஊ ஆகியிருந்தது. நேற்றைய அடிக்கு இன்று பழி வாங்குகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோவின் தலையில் கிடந்த விளாறை எடுத்தார்.

அடிக்கத் தெரியாதவர் கையில் விளாறு இருந்தால் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கெண்டைக்காலில் விழுந்தது, முழங்கையில் விழுந்தது, பாவாடையைக் கிழித்தது. டீச்சரும் அழுதுகொண்டே அடித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வகுப்பு முழுக்கவே தெரிந்தது. எல்லா டீச்சரையும் போல இவரும் ஆகிவிட்டார், இனிமேல் பயமில்லை.

புதன்கிழமை விடியலில் அக்கா என்னை எழுப்பினாள். தலையணை உறையில் மஞ்சளாக ஒரு திட்டு. அக்கா அதை மோந்து பார்த்தாள், என் காதை மோந்து பார்த்தாள்.

"எவ அடிச்சா?"

சொன்னேன்.

"அம்மாட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. சொன்னா அப்பா என்ன ஏதுன்னு கேப்பாரு. நீ டீச்சர மரியாதையில்லாமப் பேசிட்டேன்னு ஆயிரும். பொறவு என் பக்கத்துல வந்து உக்காந்து குச்சி அடுக்க வேண்டியதுதான்."

தலையணை உறையைத் திருப்பிப் போட்டாள். அப்பாவின் சட்டைப் பையில் ஒட்டியிருந்த மில் பஞ்சை உருட்டி என் காதில் அடைத்து, அதன் மேல் முடியை இழுத்துவிட்டுச் சடை பின்னினாள். தீக்குச்சி மருந்து நாற்றமடிக்கிற விரல்கள் அவளுக்கு. அதற்குள் ஹாரன் அடித்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அன்று வகுப்பில் பள்ளிக்கூட விளையாட்டு. முந்தின நாள் அடித்தது டீச்சருக்கு உறுத்தியிருக்கும் போல. பிள்ளைகளையே வாத்தியாராக்கி, பிள்ளைகளுக்கே பாடம் சொல்லவைத்தால் பாடம் மனதில் பதியும் என்றார். ஒரு பையனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். பனியன் விற்கிறவரின் மகன், வாயில்லாப் பூச்சி. "நீதான் இப்ப சார். பாடம் நடத்து" என்றார்.

அவன் எழுந்தான். பாடத்தைத் தொடவேயில்லை. நேராக வராந்தாப் பானைக்குப் போய் ஒரு விளாறை உருவி வந்து, பெரிய வாத்தியார் மாதிரியே ஒரு உதறு உதறி, முன்வரிசைப் பையனை எழுப்பி, "கைய நீட்டுலே" என்றான். நீட்டினான். நாங்கள் விளையாட்டு என்று சிரித்தோம். விளாறு உள்ளங்கையின் நடுவில், பெரிய வாத்தியார் வைக்கிற அதே கோட்டில் விழுந்தது. ரத்தம் பொடித்தது. "அடுத்த கை" என்றான். அவன் குரலும் மாறிப்போயிருந்தது. அடிபட்டவன் சிறிதும் முரண்டு பண்ணாமல் அடுத்த கையை நீட்டினான். அதுவும் விளையாட்டின் பகுதிதானே. மூன்றாவது ஆள், நாலாவது ஆள் என்று போய்க்கொண்டிருந்தான். டீச்சர் ஓடிவந்து விளாறைப் பிடுங்கினார், அவன் விடவில்லை. கன்னத்தில் அறைந்துதான் அவனை மறுபடி மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக்க முடிந்தது.

தட்டிக்கு மேலே பெரிய வாத்தியாரின் தலை தெரிந்தது. "பாடம் நல்லாப் பதிஞ்சிருக்கே" என்றார்.

வாத்தியாராகிற முறை எனக்கு வரவில்லை. வந்திருந்தால் யாரை எழுப்பியிருப்பேன் என்று அன்றே முடிவு செய்து வைத்திருந்தேன். என் இடது பக்கத்துக்காரியைத்தான். வரவில்லையே என்று வெகுநாள் குறைபட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை டீச்சர் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கச் சட்டை கிழியச் சண்டை நடந்தது, ஒருவனின் மூக்கு உடைந்தது. கோயில் தேரின் சக்கரத்தைச் சாண் போட்டு அளக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். அளந்தோம். ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு கணக்கு வந்தது. யார் சாண் சரி என்று அங்கேயும் அடிதடி. எனக்கு அதில் மனம் செல்லவில்லை. காதுக்குள் யாரோ கோணி ஊசி ஏற்றுகிற மாதிரி குத்தியது. காய்ச்சலும் இருந்தது.

திரும்பும்போது டீச்சர் எல்லோரையும் ஒரு பால்கோவாக் கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் நெற்றி நிறைய நாமம் போட்டவர். எங்களுக்கு இலைத் துண்டில் பால்கோவா வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டியும் கைத்தடியுமாக ஒரு வயதானவர் படியேறினார். கடைக்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார், கை கூப்பினார்.

"ரண்டி, ரண்டி! கூசோண்டி!"

டீச்சரின் கை அப்படியே நின்றது. வயதானவர் திருப்தியாக ஸ்டூலில் உட்கார்ந்தார். டீச்சர் அவரையும் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப அவரை என்னன்னு கூப்பிட்டீங்க?"

"வாங்க, உக்காருங்கன்னு சொன்னேம்மா. எங்க தெலுங்குல அண்டி போட்டாத்தான் மரியாதை. அவிய எம்புட்டுப் பெரிய மனுசர், அண்டி போடாமக் கூப்புட்டா நல்லாவா இருக்கும்? வெளியூர்லருந்து வாரவிய காதுல அது டி-ன்னு விழும். ஒங்களுக்கும் அப்படித்தான் கேட்டுச்சோ?" கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. திங்கட்கிழமை நான் வாங்கிய அடி எதற்கு என்பது, ஒரு பால்கோவாக் கடையில், வாய் நிறைய இனிப்போடு எனக்குத் தெரிந்தது.

காரணம் தெரியாத அடி வலிக்கும், பிறகு ஆறிப்போகும். காரணம் தெரிந்து, அது இப்படி ஒரு காரணமாக இருந்துவிட்டால், ஆறவே ஆறாது. எனக்கு அதுவரை அழுகை தெரியும், பயம் தெரியும். கோபம் என்றால் என்ன என்று அந்தக் கடையில்தான் தெரிந்தது. டீச்சர் இன்னொரு இலைத் துண்டில் பால்கோவா வாங்கி என் கையில் வைத்தார். அதைத் தரையில் வீசியெறிய வேண்டும் என்று இருந்தது. தின்றேன். தித்திப்பாக இருந்தது, அதற்காகவும் கோபம் வந்தது.

பஸ்ஸில் டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழி முழுக்க என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். உதடு நடுங்கியது, கண் நிறைந்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்தது என் இடது பக்கம். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குப் போனதும் பஞ்சு நனைந்து கழுத்தில் வழிந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் அப்பா எழுந்து வந்தார். மறைக்க முடியவில்லை. டீச்சர் அடித்ததைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். 'ரண்டி, கூசோண்டி' என்று கும்பிட்டதற்கு என்றேன்.

எனக்கு உதை விழும் என்று சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். அப்பா என்னைத் தொடவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"மரியாதை குடுத்ததுக்கு அடியா? எங்க மரியாதை அவளுக்குக் கெட்ட வார்த்தையா? நாளைக்கு அவ கைய ஒடிச்சு அவ மடியிலயே போடுதேன்."

அப்பா எனக்காகக் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட நேரமில்லை. அப்பா டீச்சரை அடித்தால் பள்ளிக்கூடம் என்னை வைத்துக்கொள்ளுமா? திங்கட்கிழமை விடியலில் எனக்கு பஸ்தான். அக்கா மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பா மில்லுக்குப் போகவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனார். பொதி சுமக்கிற கை, எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. தெரு முழுக்கக் கத்திக்கொண்டு வந்தார். நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பெரிய வாத்தியார் குறுக்கே நின்று என்னவோ சமாதானம் சொன்னார். அப்பா அவரைத் தோளால் தள்ளிவிட்டு எங்கள் வகுப்பு வாசலுக்கு வந்தார். ஒரு கை ஓங்கியிருந்தது.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகத்தில் ரத்தமில்லை. வாசலுக்கு வந்தார். இரண்டு கையையும் கூப்பினார். தஞ்சாவூர் நாக்கில், முந்தின நாள் கடையில் கேட்டதை, எழுத்துக்கூட்டிச் சொல்வது போலச் சொன்னார்.

"ரண்டி. கூசோண்டி."

அப்பாவின் கை அப்படியே நின்றது. டீச்சர் தன் நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு முன்னால் போட்டார். மறுபடியும், "கூசோண்டி" என்றார்.

அப்பாவை அதுவரை யாரும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதில்லை. மில்லில் அவரை 'ஏலே' என்று கூப்பிடுவார்கள். ஓங்கிய கை இறங்கித் துண்டைத் தோளிலிருந்து எடுத்தது. உட்கார்ந்தார், நாற்காலியின் நுனியில். டீச்சரைப் பார்த்தார். பெரிய வாத்தியாரைப் பார்த்தார். கூடவந்த ஆட்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர் இம்புட்டு மரியாதையாத் தெலுங்கு பேசுதாக. தெலுங்கு தெரிஞ்சவிய, ரண்டின்னு சொன்னதுக்கா அடிப்பாக? எங்கிட்டயே பொய் சொல்லுதியா?"

அவரும் வலதுகைக்காரர்தான். அதே காதில் விழுந்தது.

நான் கீழே கிடந்தேன். அப்பா கையில் ஒட்டியிருந்த சீழையும் ரத்தத்தையும் பார்த்து, துண்டில் துடைத்துக்கொண்டார். டீச்சர் அலறுவது எங்கேயோ தூரத்தில் கேட்டது. "அடிக்காதீங்க! அவ பொய் சொல்லல. அவ சொன்னதெல்லாம் நிஜம். எனக்குத்தான் அது தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது."

அப்பா கும்பிட்டார். "நீங்க பெரிய மனசு டீச்சர். பிள்ளையக் காப்பாத்த ஒங்க மேலயே பழியப் போட்டுக்கிடுதீங்க. இந்தக் கழுதைக்கு எரக்கம் பாக்காதீங்க. கண்ண மட்டும் விட்டுருங்க. மத்தபடி ஒங்க பிள்ள."

பெரிய வாத்தியார், "அப்படிச் சொல்லுங்க" என்றார். இருவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

டீச்சர் என் முன்னால் முழங்காலிட்டார். அது எனக்குத் தெரியாது. இடது பக்கத்திலிருந்து ஒரு கை என் கன்னத்தை நோக்கி வருவதுதான் தெரிந்தது. அந்த வாரத்தில் என் முகத்துக்குக் கிட்டே வந்த எந்தக் கையும் தடவிக்கொடுக்க வந்ததில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, கிடைத்த இடத்தில் வாயை வைத்துக் கடித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை. பல் உள்ளே இறங்கியது. உப்புக் கரித்தது. விடவில்லை.

"ஐயோ" என்று வகுப்பு முழுக்கக் கத்தியது. வாசலில் அப்பா திரும்பினார்.

"என்ன டீச்சர்?"

கண்ணைத் திறந்தேன். பல்லைத் தளர்த்தினேன். டீச்சரின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு பஸ்ஸில் இடம் தயார். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஒண்ணுமில்லண்டி" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தெருவில் போகும்போது கூடவந்தவர்களிடம், "கேட்டீகளா, எனக்கு அண்டி போடுதாக" என்று சொல்லிக்கொண்டே போனார். வகுப்பில் டீச்சரின் முந்தானையில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. மற்றொரு கையால் சாக்பீஸை எடுத்து, கோணல் மாணலாகப் பலகையில் எழுத ஆரம்பித்தார். கடித்ததற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை. அதற்குப் பிறகு அவர் அங்கே இருந்தவரை அந்தக் கை எந்தப் பிள்ளை மேலும் விழவில்லை என்பது மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளில், வேலைக்குப் போன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். சவ்வில் இனி மிச்சம் ஒன்றுமில்லை என்றார். சின்ன வயசில் அடிபட்டதா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் மரியாதை பழகும்போது பட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்த வாரம் முடிந்து வந்த திங்கட்கிழமைக்கு வருகிறேன். விடியுமுன்னே விழித்துக்கொண்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தெருமுனையில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. வலது காதில் நன்றாகக் கேட்டது. அப்பா என்னை எழுப்பவில்லை. அக்கா தலையை வாரிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். போகிறபோது குனிந்து, என் போர்வையைக் காது வரைக்கும் இழுத்துவிட்டாள். ஹாரன் மறுபடி அடித்தது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.